தடித்த தந்தியில் ஃபிளமெங்கோ

ஃபிளமெங்கோ கிதார்க் கலைஞரின் வலது கை, வேலையைத் தொடங்கும் முன் மூடியே இருக்கும். நான்கு விரல்களும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கும். பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தெறிக்கும். ஒவ்வொன்றும் நகத்தின் முதுகால் ஆறு தந்திகளையும் உரசிக்கொண்டு கடக்கும். அடித்தது நான்கு முறை. காதில் விழுவது விட்டுவிடாத ஒரே உறுமல். இதற்கு ரஸ்கேயாடோ என்று பெயர். தந்திகளை மொத்தமாக வாரி வாசிப்பது ஸ்பெயினில் பழைய பழக்கம்தான். காஸ்பர் சான்ஸ் 1674-இல் வெளியிட்ட கிதார்ப் பாடநூலிலேயே அது இருக்கிறது. ஃபிளமெங்கோக்காரர்கள் அதைக் கொண்டு கிதாரையே ஒரு தாள வாத்தியமாக்கினார்கள்.

இப்போது அதே கையை ஒரு பேஸ் கிதாருக்கு மாற்றுங்கள். கை நன்றாகப் பழகிய கிதார்க்காரருடையதாகவே இருக்கட்டும். விரல் தந்தியைத் தாண்ட மறுக்கும். நகம் வலிக்கும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருவது கார்டாக இருக்காது, கொழகொழவென்ற ஒரு முனகலாக இருக்கும். பெரும்பாலோர் விரலைத்தான் குறை சொல்வார்கள். இன்னும் சாதகம் போதவில்லை என்று மாதக்கணக்கில் உழைப்பார்கள். விரலும் ஒருவழியாகத் தேறிவிடும். முனகல் மட்டும் போகாது. ஏனென்றால் விரலின் கணக்கு வேறு, காதின் கணக்கு வேறு. முன்னதைப் பயிற்சியால் சரிக்கட்டலாம். பின்னதோடு சமரசம்தான் செய்துகொள்ள வேண்டும்.

எடையும் இடைவெளியும்

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, தந்தியின் அதிரும் நீளத்தை 34 அங்குலமாக, அதாவது சுமார் 86 சென்டிமீட்டராக வைத்தார். இன்றும் பேஸ் கிதார்களின் பொது அளவு அதுவே. நைலான் தந்தி பூட்டிய ஸ்பானிய கிதாருக்கு அது 65 சென்டிமீட்டர். நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. சுரமோ ஒரு ஸ்தாயி முழுக்கக் கீழே போயாக வேண்டும்: கிதாரின் தடித்த ஈ தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது, பேஸின் ஈ தந்தி 41 முறை. நீளத்தில் வராத மீதியை எடையில்தான் ஈடுகட்ட வேண்டும்.

அதிர்வெண், நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கான எடை ஆகிய நான்கையும் இணைக்கும் சூத்திரத்தைப் பள்ளியில் சோனோமீட்டர் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதில் எண்களைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையான விஷயம் ஒன்று வெளிப்படும். ஸ்பானிய கிதாரின் மெல்லிய தந்தி மீட்டருக்கு 0.4 கிராம்கூட இல்லை. அதன் தடித்த தந்தி சுமார் 6 கிராம். பேஸின் ஈ தந்தி சுமார் 30 கிராம். பேஸிலேயே ஆக மெல்லியதான ஜி தந்தி 6 கிராமுக்குச் சற்று மேல். அதாவது, கிதாரின் ஆகத் தடித்த தந்தி எங்கே முடிகிறதோ அங்கேதான் பேஸ் தொடங்குகிறது. இழுவிசையும் அப்படியே: நைலான் தந்தி ஒவ்வொன்றும் சுமார் 7 கிலோ எடைக்குச் சமமாக இழுபட்டு நிற்கிறது, பேஸ் தந்தி 16 முதல் 20 கிலோ வரை.

பேஸ் பெரிய வாத்தியம், அதனால் விரல் அதிக தூரம் போக வேண்டியிருக்கும் என்று தோன்றும். அளந்து பார்த்தால் அப்படி இல்லை. கிதாரின் உடலில் தந்திகள் ஊன்றி நிற்கும் பிரிட்ஜ் அருகே தந்திக்குத் தந்தி இடைவெளி சுமார் 11.6 மில்லிமீட்டர், ஆறு தந்திகளுக்கு ஐந்து இடைவெளி, மொத்தம் 58 மில்லிமீட்டர். ஃபெண்டர் வகைப் பேஸில் இடைவெளி 19 மில்லிமீட்டர். நான்கு தந்திகளுக்கு மூன்று இடைவெளி, 57 மில்லிமீட்டர். தூரம் ஒன்றுதான். ஆனால் அந்தத் தூரத்தில் கிதார் விரலை ஆறு முறை லேசாகத் தடுக்கிறது, பேஸ் நான்கு முறை பலமாகத் தடுக்கிறது. ஃபிளமெங்கோ உறுமலின் அடர்த்தி தந்திகளின் எண்ணிக்கையிலிருந்தும் வருவதால், பேஸ் இங்கேயே கொஞ்சம் தோற்றுவிடுகிறது. நான்கு விரல் ரஸ்கேயாடோ கிதாரில் 24 ஒலிகளைத் தரும், பேஸில் 16.

விரல் உணரும் தடை இரண்டு வகை. முதல் வகை, தந்தியை விலக்கிப் பிடிக்கத் தேவைப்படும் விசை. பேஸின் ஈ தந்தியைப் பிரிட்ஜிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி 3 மில்லிமீட்டர் விலக்கிப் பிடிக்க, ஏறத்தாழ 550 கிராம் எடையைத் தாங்கும் அளவு விசை வேண்டும். கிதாரின் மெல்லிய தந்திக்கு அதே இடத்தில் 250 கிராம் போதும். ஆனால் பேஸில் கையை 30 சென்டிமீட்டர் தள்ளி, ஃப்ரெட் பலகை முடியும் இடத்துக்கு அருகே கொண்டுபோனால், அங்கேயும் அதே 250 கிராம்தான். இடத்தை மாற்றியதிலேயே தடித்த எஃகுத் தந்தி, விலக்கிப் பிடிக்கும் அளவிலாவது, நைலான் தந்தியின் இளக்கத்துக்கு வந்துவிடுகிறது. பேஸில் வாரி வாசிப்பவர்களின் கை கழுத்தை ஒட்டியே நிற்பதற்கு இது முக்கியமான காரணம்.

இரண்டாவது தடை இடம் மாறினாலும் மாறாதது. தந்தியை மெல்ல விலக்குவது ஒன்று. ஓடிவரும் நகம் அதைச் சட்டென்று தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு போவது வேறொன்று. மோதும் அந்தக் கணத்தில் தந்தியின் நிலைமமும் இழுவிசையும் சேர்ந்து எதிர்க்கின்றன. இயற்பியலில் இதை அலைமறிப்பு எனலாம். இழுவிசையையும் மீட்டருக்கான எடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். பேஸின் ஈ தந்திக்கு அது கிதாரின் மெல்லிய தந்தியைப் போல 14 மடங்கு. நகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், நைலான் தந்தி மோதும் கணத்தில் அதன்மேல் திருப்பித் தள்ளும் விசை 50 கிராம் எடைக்குச் சமம். பேஸ் தந்தி தள்ளுவது கிட்டத்தட்ட 700 கிராமுக்கு. நகம் வலிக்காமல் என்ன செய்யும்?

சுண்டும் தசை

விரலை மடக்கும் தசைகளும் நீட்டும் தசைகளும் முன்கையில்தான் இருக்கின்றன. விரல்களுக்குள் ஓடுவது தசைநாண்கள். பிடிக்க, தூக்க, தொங்க என்று பரிணாமம் மடக்கும் தசைகளை வளர்த்துவிட்டது. நீட்டும் தசைகள் அவற்றின் முன் நோஞ்சான்கள். போதாததற்கு, நான்கு விரல்களையும் நீட்டுவது ஒரே தசை; அது நான்கு நாண்களாகப் பிரிந்து போகிறது. புறங்கையில் அந்த நாண்களுக்கு இடையே குறுக்கிணைப்புகள் வேறு. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனித்தனியே ஒரு துணைத்தசை உண்டு. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அப்படி எதுவும் வழக்கமாக இல்லை. நடுவிரலை மடித்து மேசையில் ஊன்றிக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள், புரியும்.

ரஸ்கேயாடோ இந்த நோஞ்சான் தசைகளிடம் வேலை வாங்குகிறது. அதற்கான தந்திரம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது எப்படியோ அப்படி. விரலைக் கட்டைவிரலிலோ உள்ளங்கையிலோ அழுத்தித் தேக்கிவைத்து, தசை முழு பலத்துக்கு வந்த பிறகு விடுவிப்பது. தசையால் உடனடியாக முழு விசையைத் தர முடியாது, கொஞ்சம் நேரம் வேண்டும். தடுப்பு ஒன்று இருந்தால் அந்த நேரத்தை விரல் நகராமலேயே கழித்துவிடலாம். விடுபடும்போது, இழுபட்டு நின்ற நாண்களில் சேர்ந்த ஆற்றலும் கூடவே வெளிப்படும். ஃபிளமெங்கோ ஆசிரியர்கள் மாணவரின் விரல்களை உள்ளங்கைக்குள் இறுக்கிவைத்து ஒவ்வொன்றாகத் தெறிக்கவிடச் சொல்வது இதற்காகத்தான்.

சிக்கல் என்னவென்றால், தெறிக்கும் விரலிடம் வேகம் இருக்கிறது, எடை இல்லை. நைலான் தந்திக்கு அது போதும். பேஸின் ஈ தந்தியில் மோதியதும் வேகத்தில் பெரும்பகுதி போய்விடும். ஏ, டி, ஜி தந்திகளுக்கு மிஞ்சுவது மிச்சசொச்சம். சுண்டுவிரலின் நிலைமை பரிதாபம். அதனால் நான்கு விரல்களும் நான்கு விதமாக ஒலிக்கும், தாளம் நொண்டும்.

ஃபிளமெங்கோவிலேயே இதற்கு மாற்று இருக்கிறது. அபானிகோ என்பார்கள். இதில் மணிக்கட்டும் முன்கையும் திருகிச் சுழல்கின்றன: கட்டைவிரல் மேல்நோக்கி, நடுவிரல் அல்லது மோதிர விரல் கீழ்நோக்கி, கட்டைவிரல் கீழ்நோக்கி என்று மூன்று அடிகள் சுற்றிச் சுற்றி வரும். பூட்டைச் சாவியால் திருகும்போது வேலை செய்யும் அதே தசைகள்; பைசெப்ஸும் அதில் சேர்த்தி. மோதும் பக்கத்தில் இப்போது வெறும் விரல் இல்லை, முழுக் கையும் பின்னால் நிற்கிறது. தந்தி 700 கிராம் விசையோடு எதிர்த்தாலும் கையின் வேகம் பெரிதாகக் குறையாது. என்னைக் கேட்டால், பேஸில் ஃபிளமெங்கோ பழக விரும்புகிறவர் முதலில் எடுக்க வேண்டியது அபானிகோதான். நான்கு விரல் ரஸ்கேயாடோ பார்க்க அழகு. பேஸில் உழைப்புக்கேற்ற கூலி அதில் வருவதில்லை.

அல்சாபுவாவும் பேஸுக்கு இணங்கும். கட்டைவிரல் நகத்தாலேயே கீழ்நோக்கி ஓர் அடி, மேல்நோக்கி ஓர் அடி என மாறி மாறி வாசிப்பது அது. விக்டர் வூட்டன் பேஸில் பிரபலமாக்கிய இரட்டைக் கட்டைவிரல் வாசிப்பைப் பார்க்கும் ஃபிளமெங்கோக்காரர் யாரும் அந்நியமாக உணர மாட்டார்கள். இரண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகச் சொல்லவில்லை. ஒரே உடற்கூறு ஒரே விடைக்கு வந்திருக்கிறது.

மூன்றரை அலையில் என்ன கேட்கும்?

விரல் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 180 தட்டு, தட்டுக்கு நான்கு அடி. நொடிக்கு 12 அடிகள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 83 மில்லி நொடி.

கிதாரின் மெல்லிய ஈ தந்தி நொடிக்கு 330 முறை அதிர்வது. அந்த 83 மில்லி நொடியில் அது 27 முறை ஆடி முடித்துவிடும். பேஸின் ஈ தந்தி ஒருமுறை ஆடவே 24 மில்லி நொடி ஆகிறது. அடுத்த நகம் வந்து அதை நிறுத்துவதற்குள் அது ஆடுவது மூன்றரை முறைகூட நிறையாது. இன்ன சுரம் என்று காது தெளிவாகச் சொல்ல அடிப்படை அலை சில முறையாவது வந்து போக வேண்டும். பேஸில் வேகமான ரஸ்கேயாடோ அந்த எல்லையின் விளிம்பில் நிற்கிறது.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நகம் 57 மில்லிமீட்டரைக் கடக்க 38 மில்லி நொடி பிடிக்கும். அது ஈ தந்தியிலிருந்து ஜி தந்தியை அடையும்போது, ஈ தந்தி தன் இரண்டாவது அலையின் நடுவில் இருக்கும். கார்டு என்பது சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது. இங்கே கடைசிச் சுரம் வந்து சேரும்போது முதல் சுரம் இன்னும் தன்னை அறிமுகம்கூடச் செய்துகொள்ளவில்லை.

பிறகு எப்படி ஏதோ ஒரு சுரமாவது கேட்கிறது? மேற்சுரங்கள் கைகொடுக்கின்றன. 41 ஹெர்ட்ஸ் தந்தி 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. பத்தாவது மடங்கு 412 ஹெர்ட்ஸ். அது 83 மில்லி நொடியில் 34 முறை ஆடிவிடும். அடிப்படைச் சுரமே இல்லாவிட்டாலும் மேற்சுரங்களின் இடைவெளியை வைத்துக் காதும் மூளையும் அதைக் கண்டுபிடித்துவிடும். பேஸ் ஒலி சின்னஞ்சிறு செல்பேசி ஸ்பீக்கரில்கூட அடையாளம் தெரிவது இதனால்தான். உண்மையில் பேஸின் ஆழச் சுரங்களை நாம் எப்போதுமே பாதி இப்படித்தான் கேட்கிறோம். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதுக்கு எட்டவேண்டுமென்றால், 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட அது ஏறத்தாழ 50 டெசிபல் உரத்திருக்க வேண்டும். உரப்பு பற்றிய ஃப்ளெட்சர், மன்சன் இருவரின் 1933 ஆய்வு முதலே தெரிந்த காதின் குணம் இது.

ஆக, மேற்சுரங்கள் செழிப்பாக இருந்தால் ரஸ்கேயாடோ பிழைக்கும். நகம் கூர்மையான முனை. சதையைவிட அதிக மேற்சுரங்களைத் தூண்டும். ஆனால் முன்பு சொன்ன 30 சென்டிமீட்டர் இடத்துக்கு ஒரு விலை உண்டு. தந்தியை அதன் மூன்றில் ஒரு பங்கில் மீட்டினால் மூன்றாவது மடங்கும் அதன் பெருக்கங்களும் வலுவிழக்கும். பிரிட்ஜை நெருங்க நெருங்கத்தான் ஒலி பளிச்சென்று இருக்கும். விரலுக்கு வசதியான இடம் காதுக்கு வசதியான இடம் இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை ஒவ்வொருவரும் தங்கள் நகத்தின் உறுதியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது அந்த முனகல். காதின் உள்ளே நத்தைக்கூடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியாவில் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமுள்ள சவ்வு ஒன்று இருக்கிறது. அதிர்வெண் ஒவ்வொன்றும் அதில் ஓர் இடத்தை அதிகமாக ஆட்டும். இரண்டு சுரங்கள் போதுமான தூரத்தில் இருந்தால் இரண்டு இடங்கள் ஆடும், இரண்டும் தனித்தனியே கேட்கும். மிகவும் நெருங்கினால் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். அப்போது விம்மலும் உரசலும் கேட்கும். இந்த நெருக்கத்தின் எல்லையை மாறுநிலைப் பட்டை என்று சொல்லலாம். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் அகலம் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் விம்மல்களே கரகரப்புக்குக் காரணம் என்றார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1965-இல், பிளாம்ப், லெவெல்ட் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள், மாறுநிலைப் பட்டையின் கால் பங்கு இடைவெளியில் உரசல் உச்சத்தைத் தொடுகிறது என்று காட்டினார்கள். 100 ஹெர்ட்ஸ் பட்டையில் அது 25 ஹெர்ட்ஸ்.

இப்போது பேஸில் ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி, ஏ தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் பி, இரண்டையும் சேர்த்து மீட்டுங்கள். கர்நாடக சங்கீதக் கணக்கில் ஷட்ஜமும் அந்தர காந்தாரமும். கிதாரில் இனிக்கிற ஜோடி. பேஸில் ஒன்று 49 ஹெர்ட்ஸ், மற்றது 61.7. வித்தியாசம் 12.7. அவற்றின் இருமடங்குகள் 98, 123.4, வித்தியாசம் 25. உரசல் உச்சத்தில் இருக்கும் அதே எண். மும்மடங்குகளுக்கு இடையே 38. எல்லாமே மாறுநிலைப் பட்டைக்குள்ளேயே அடிபடுகின்றன. இதே ஜோடி கிதாரில் இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும்போது, அடிப்படைச் சுரங்களுக்கு இடையே 51 ஹெர்ட்ஸ், இருமடங்குகளுக்கு இடையே 100-க்கு மேல், பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நொடிக்கு 12.7 விம்மல். நம் ரஸ்கேயாடோ நொடிக்கு 12 அடி. அந்த ஜோடி சும்மா விட்டாலே துடிக்கும் வேகமும், கை துடிக்கும் வேகமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. தாளத்தைக் கூர்மையாக்கப் போட்ட அடிகளை, கார்டே மழுக்கிவிடுகிறது. ஆறு மாதம் சாதகம் செய்தும் போகாத முனகலின் பிறப்பிடம் இது.

சமரசங்கள்

முதல் சமரசம், நெருங்கிய சுரங்களை விலக்கிவைப்பது. அந்த பி-யை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, ஜி தந்தியின் நான்காவது ஃப்ரெட்டில் பிடியுங்கள். 49-ம் 123.5-ம். அடிப்படைச் சுரங்கள் இப்போது 74 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கின்றன. உரசல் முழுக்கப் போய்விடாது. கீழ்ச் சுரத்தின் இருமடங்கு இன்னும் 25 ஹெர்ட்ஸ் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் சண்டை போடும் ஜோடிகள் வெகுவாகக் குறைந்துவிடும். பேஸில் கார்டு வாசிப்பவர்கள் பழக்கத்திலேயே இந்தப் பிடிக்குத்தான் போவார்கள்.

இதில் ரஸ்கேயாடோவுக்கு ஒரு போனஸ் இருக்கிறது. இடது கையின் நடுவிரல் ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில், மோதிர விரல் ஜி தந்தியின் நான்காவது ஃப்ரெட்டில். ஆள்காட்டி விரலை இரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் எல்லாத் தந்திகளிலும் பட்டும் படாமலும் கிடத்திவையுங்கள். அழுத்திப் பிடித்த சுரங்களுக்குப் பின்னால் கிடப்பதால் ஈ, ஜி இரண்டுக்கும் அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. நடுவில் இருக்கும் ஏ, டி மட்டும் ஊமையாகிவிடும். இப்போது வலது கை நான்கையும் வாரட்டும். இரண்டு தந்தி பாடும், இரண்டு தந்தி ‘டக் டக்’ என்று தட்டும். கார்டும் தாளமும் ஒரே வாரலில் கிடைக்கின்றன. பேஸில் ஃபிளமெங்கோவுக்கு ஆக நெருங்கிய ஒலி இது என்பது என் கட்சி.

ஃபிளமெங்கோ கிதாரோடு ஒப்பிட்டால் இந்த ஊமைத் தந்திகளின் அருமை தெரியும். அந்தக் கிதாரின் முதுகும் பக்கங்களும் மரபாக இலேசான சைப்ரஸ் மரத்தால் ஆனவை. சத்தம் சட்டென்று எழும்பும், சட்டென்று அடங்கும். அடிகள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் இருப்பதற்கு அந்த அடக்கம் தேவை. திடமரப் பேஸோ சுரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடவே விடாது. பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடியின் அடியில் தந்திகளை அமுக்க மெத்தைத் துண்டு வைத்திருப்பார்கள். இன்று அதே வேலைக்குப் பலர் ஒரு ஸ்பாஞ்சைச் செருகுகிறார்கள். ரஸ்கேயாடோவுக்கு அந்த ஸ்பாஞ்ச் நல்ல துணை.

கோல்பே மட்டும் பேஸில் எடுபடாது. வாசித்துக்கொண்டே கிதாரின் மேற்பலகையில் விரலால் தட்டுவதுதான் கோல்பே. மரம் தேயாமலிருக்க அங்கே ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருப்பார்கள். மின் பேஸின் பிக்கப் என்பது காந்தமும் கம்பிச் சுருளும். எஃகுத் தந்தி அசைந்தால்தான் அதில் மின்னோட்டம் பிறக்கும். மரத்தில் எவ்வளவு தட்டினாலும் அதற்கு அநேகமாகக் காது கேட்காது. மாற்றாக, கட்டைவிரலால் தந்தியையே ஃப்ரெட்டில் அறையலாம். லாரி கிரஹாம் 1960-களில் தன் அம்மாவோடு சேர்ந்து வாசித்தபோது, குழுவில் டிரம்மர் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் கட்டைவிரலால் பேஸை அறையத் தொடங்கினார். கோல்பே செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்: வாசிப்பவரே தாளத்தையும் தட்டுவது.

பிரச்சினையை வேரோடு பிடுங்கிய வழியும் ஒன்று உண்டு. நியூயார்க் வாத்தியக் கைவினைஞர் கார்ல் தாம்ப்சன், பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க்குக்காக பிக்கோலோ பேஸ் ஒன்றைச் செய்து கொடுத்தார். பேஸின் உடல், மெல்லிய தந்திகள், ஒரு ஸ்தாயி உயர்ந்த சுரம். தந்தியும் இளகிவிடுகிறது, உரசலும் குறைகிறது. கொஞ்சம் ஏமாற்று வேலைதான். ஈ தந்தி 82 ஹெர்ட்ஸுக்கு வந்த பிறகு அது கிட்டத்தட்ட கிதார்தானே என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. கிளார்க் வழக்கமான பேஸிலும் கார்டுகளை வாரி வாசிப்பவர். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் 34 அங்குலத்துக்குக் குறைவான தந்தி நீளம் கொண்ட அலெம்பிக் பேஸ். நீளம் குறைந்தால் அதே சுரத்துக்கு இழுவிசையும் குறையும்.

அதே கார்ல் தாம்ப்சனின் பேஸ்களை வாசித்துப் பெயர் பெற்ற இன்னொருவர் பிரைமஸ் குழுவின் லெஸ் கிளேபூல். ‘டாமி தி கேட்’ பாடல் இடம்பெற்ற அவர்களுடைய 1991 ஆல்பத்தைக் கேட்டால், ஃபிளமெங்கோ சாயலில் விரல்களால் வாரும் பேஸ் எப்படி இருக்கும் என்று தெரியும். ஸ்பானிய ராகமோ பாவமோ அதில் கிடையாது. எடுத்துக்கொண்டது கையசைவை மட்டும். கிளேபூல் கார்டின் தெளிவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அறையும் உரசலுமாக வரும் சத்தத்தையே பாட்டின் முதுகெலும்பாக்கிவிடுகிறார். முனகலை ஒழிக்கப் பார்க்காமல் அதையே சரக்காக்குவதும் ஒரு வழிதான்.

இதற்கெல்லாம் நேர் எதிர்த்திசையில் போனவர்கள் ஃபிளமெங்கோக்காரர்களே. பாகோ தெ லூசியா 1980-களின் தொடக்கத்தில் தன் ஆறு பேர் குழுவில் மின் பேஸைச் சேர்த்தார். வாசித்தவர் பார்சிலோனாவின் கார்லெஸ் பெனாவென்ட். அவர் பேஸில் கொண்டுவந்தது பெரும்பாலும் ஃபிளமெங்கோவின் ஒற்றைத் தந்தி ஓட்டங்களையும், 12 தட்டுச் சுழற்சியின் அழுத்தங்களையும். வாரும் வேலைக்குக் கிதார்கள் இருந்தன. மெக்சிகோவின் மரியாச்சி குழுக்களிலும் இதே வேலைப் பங்கீடுதான்: சின்ன விவேலா வாரும், பெரிய கிதாரோன் தனித்தனிச் சுரங்களை மீட்டும். மரபுகள் காதால் அறிந்து வைத்திருந்ததையே பிளாம்பும் லெவெல்ட்டும் எண்களாக்கினார்கள்.

ஃபிளமெங்கோவின் சுர அமைப்பு பேஸுக்கு ஓரளவு தோதானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஹனுமத்தோடியின் சுரங்களோடு ஒத்துப்போகும் ஃபிரிஜியன் அளவுகோல்தான் அதன் அடிப்படை. காந்தாரத்தை மட்டும் அவ்வப்போது உயர்த்தி வகுளாபரணத்தின் சாயலுக்கும் போவார்கள். சுத்த ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் அந்த முடிவுதான் அதன் முத்திரை. கிதாரில் வழக்கமான ஆதார சுரங்கள் ஈ-யும் ஏ-யும். இரண்டுமே பேஸின் திறந்த தந்திகள். எஃபிலிருந்து ஈ-க்கு இறங்க இடது கை ஒரே ஒரு விரலை எடுத்தால் போதும்.

உங்கள் கையில் பேஸ் இருந்தால் இதை இப்படித் தொடங்கிப் பாருங்கள். பிரிட்ஜ் பக்கம் ஸ்பாஞ்ச், இடது கையில் மேலே சொன்ன பிடி, வலது கை கழுத்தின் ஓரம், அபானிகோ மூன்றடி, மெட்ரோனோம் 60-இல். மூன்று அடிகளும் ஒரே அளவு உரக்கக் கேட்கும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். ஆம்ப்ளிஃபயரில் அடிப்பகுதி பேஸைக் குறைத்து நடுப்பகுதியை ஏற்றிக்கொள்ளுங்கள். காது தேடும் மேற்சுரங்கள் அங்கேதான் இருக்கின்றன. உருண்டைச் சுற்று தந்திகள் நகத்தை அரம்போல் தேய்க்கும். வழவழப்பான தட்டைச் சுற்று தந்தி இருந்தால் அதை மாட்டிக்கொள்ளுங்கள். நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன்கையின் மேற்புறத்தில் வலி தெரிந்தால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.